இடது ஏழு

விடியற்காலை மூன்று நாற்பதுக்கு
நல்லம்பள்ளிப் பக்கம் சறுக்கிய மொபெட்டிலிருந்து
தீர்த்தம்மாளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.
வயது நாற்பத்தொன்று. பூ வியாபாரம்.
நெற்றியில் மூன்று தையல். பேச்சு தெளிவு.
ரொம்பவே தெளிவு:
கூடை எங்கே, என் கூடை எங்கே.

டார்ச்சை எடுத்தேன்.
மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த பேனா டார்ச்.
வலது கண்ணில் அடித்தேன்.
பாப்பா சட்டென்று ஒடுங்கிக் கடுகானது.
இடதில் அடித்தேன்.
திறந்தது திறந்தபடி.
பழுப்பு வளையம் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ள
நடுவில் முழுக்கக் கறுப்பு.

ஒரு பாப்பா பெரிது, ஒன்று சிறிது என்றால்
மண்டைக்குள் ரத்தம் கட்டி நரம்பை நெரிக்கிறது
என்று படித்திருக்கிறேன்.
தொப்பூர் கணவாயிலிருந்து வந்தவர்களிடம்
பார்த்தும் இருக்கிறேன்.
அவர்களில் ஒருவரும் கூடையைக் கேட்டதில்லை.

டாக்டர் இம்தியாஸ் ஓடிவந்தார்.
ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.
சேலத்துக்குப் போன் போனது.
ஆம்புலன்ஸ் டிரைவர் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு
வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை.

மறுபடி டார்ச்.
இடதில் ஊற்றிய வெளிச்சத்துக்கு
வலது சுருங்கியது.
அப்படியென்றால் இடது பார்க்கிறது.
சேதி உள்ளே போகிறது.
உத்தரவும் திரும்பி வருகிறது.
கயிறுதான் இழுபடவில்லை.

அவள் இடுப்பில் சுருக்குப்பை தொங்கியது.
பாப்பாவும் அதுதானே என்று அப்போது தோன்றியது.
வாயைச் சுற்றி ஓடும் தசையை வெளிச்சம் இழுத்துக் கட்டும்.
ஆரக்கால்போல் பரவிய தசையை வைத்து
இருட்டு பிரிக்கும்.
பயமும் பிரிக்கும். ஆசையும்.
மனக்கணக்குகூடப் பிரிக்கும், நம்பமாட்டீர்கள்.

"குழுக் கடன் எவ்வளவு பாக்கிம்மா?"
"பதினோரு தவணை, ரெண்டாயிரத்து நூத்தம்பது வீதம்..."
உதடு முணுமுணுக்க
வலது பாப்பா மெல்ல மெல்ல விரிந்து நின்றது.
"இருபத்து மூணாயிரத்து அறுநூத்தம்பது."
தொகை வாயில் வந்ததும் பை மூடிக்கொண்டது.
இடது, கடனுக்கும் அசையவில்லை.

கையைக் காட்டச் சொன்னேன்.
நகக்கண்ணில் பச்சை.
"என்ன பறிச்சீங்க?"
"இன்னிக்குப் பிரதோஷம் இல்லையா. ஊமத்தை.
ரெண்டு மணிக்கு, ஏரிக்கரையில, செல் லைட்டுல.
கண்ணுல கொசு விழுந்துச்சு. தேச்சுட்டேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.
அதுவரை நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார்.
கண் பிரிவிலிருந்து சுருக்கும் சொட்டு வாங்கி விட்டோம்.
முக்கால் மணி நேரம். ஏழு, ஏழு, ஏழு.
ஊமத்தைச் சாறு கயிற்றைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
"ரெண்டு மூணு நாள் ஆகும். வெயிலைப் பார்க்காதீங்க."

"சாமி தலையில வெக்கிற பூ" என்றாள்.
"அவருக்கு மூணு கண்ணு.
ஒண்ணையும் தேச்சுக்காம இருக்காரே."

ஆறரைக்குச் சென்றாயன் வந்தார்,
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.
வாசலில் நின்று முதலில் கேட்டது:
"வண்டி என்னாச்சு?"

ஜன்னல் வெளிச்சம் கூடவில்லை, குறையவுமில்லை.
டார்ச் என் பையில் இருந்தது.
வலது பாப்பா விரிந்ததைப் பார்த்தேன்.
பயமா, கோபமா,
வந்துவிட்டாரே என்பதா,
வண்டிக்குக் கட்டவேண்டிய தவணையா.
விரியும், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லாது.

சார்ட்டில் எழுதினேன்:
வலது மூன்று, வெளிச்சத்துக்கு அசைவு உண்டு.
இடது ஏழு, அசைவு இல்லை. காரணம்: பூ.
வலது ஐந்து ஆன அந்த நிமிடத்துக்கு
சார்ட்டில் கட்டம் இல்லை.

கூடை கிடைத்துவிட்டது.
சிதறியதையெல்லாம் பொறுக்கி
வாட்ச்மேன் கேட்டருகே வைத்திருந்தார்.
தூக்கம் கலைய அவர் கண்ணைக் கசக்கப் போனார்.
ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.
சோப்புப் போட்டு, இரண்டு தடவை.