நூற்றுப் பதினேழு

தீக்கு முகம் பார்க்கத் தெரியாது.
என் கேமராவுக்கும் அன்று தெரியவில்லை.
குழியின் மேல் காற்று நெளிந்ததில்
ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தது,
வீடு மறந்த நாய் போல.
கையால் திருப்பினேன்.
ஆளுக்கு ஆறு தப்படி, இரண்டரை விநாடி.
மூன்றாவதில் பிடித்தால் முகம் கிடைக்கும்.
நான்காவதில்
பால்குழியைப் பார்த்துவிட்ட கண்கள்தான்.

கமிட்டி பேசியது எண்ணூறு வெள்ளி.
நெஞ்சில் எண் குத்திய நூற்று நாற்பது பேருக்கும்
ஒரு படமாவது வரணும் என்றார் செயலாளர்.
பறை, வேப்பிலை, மஞ்சள் தண்ணீர்.
கயிற்றுக்கு அப்பால்
ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு
போம்பாக்காரர் இருவர்
நேற்றைய பந்தாட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
யாரோ உதைத்த கங்கு ஒன்று பறந்து வந்து
மண்டியிட்ட என் முட்டியில் உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை
ஜெலுத்தோங் கடைக்கு ஒரு பெண் வந்தார்.
தொழிற்சாலை நீலச் சட்டை, கையில் ஹெல்மெட்,
இரவு ஷிப்ட் இன்னும் இறங்காத கண்கள்.
பேர் யோகமலர்.
"வீட்டுக்காரர் அர்ச்சுனன். நூற்றுப் பதினேழு."

நூற்றுப் பதினாறு இருந்தது.
நூற்றுப் பதினெட்டு இருந்தது, தோளில் குழந்தையோடு.
இடையில் வெறும் கங்கு,
யாரும் மிதிக்காத சிவப்பு.
அன்று எடுத்ததிலேயே நல்ல படம் அது.

"முட்டியில நெருப்பு விழுந்துச்சுக்கா,
அந்த நேரம் பார்த்துப் போயிருப்பாரு."
கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினேன்.
கொப்புளம் உண்மை. நேரம்தான் பொய்.
அது விழுந்தது
எழுபத்திரண்டாம் ஆள் இறங்கியபோது.

அவர் என் முட்டியைப் பார்க்கவில்லை.
"அந்த ஓரத்தைப் பெரிசாக்குங்க" என்றார்.

பெரிசாக்கினேன்.
ஈரம் சொட்டும் மஞ்சள் வேட்டி,
மணிக்கட்டில் காப்பு, நெஞ்சில் எண்,
இரண்டு கை நிறைய அடுத்தவர் செருப்பு.
வலது குதிகால் மட்டும்
மண்ணை விட்டு எழும்பி நின்றிருந்தது.
பின்னால் மங்கலாக, பல்லக்கில் திரௌபதை.
அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கு வெளியே பஸ் ஒன்று நின்று, போனது.

"நாற்பத்தெட்டு நாள் கறி தொடலை.
தரையில படுத்தாரு.
வீட்டுக்கு வந்து, சூடே தெரியலைன்னாரு."
திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"பொய் சொல்லலை, பாருங்க."

சிரித்தாரா என்று தெரியவில்லை.
முகத்தைப் பிடிக்க
எனக்கு மூன்றாம் தப்படி வேண்டும்.

"இதையே போடுங்க. பெரிய சைஸ்."
"எண்ணை மறைச்சிடவா?"
"எதுக்கு? செருப்பும் தெரியணும்."

பதினைந்து வெள்ளி.
மெஷினிலிருந்து வரும் தாள்
எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.
வாயால் ஊதி ஊதி ஆற்றி,
மடங்காமல் வளைத்து,
ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு
வெயிலில் இறங்கினார்.