ஒரே மூச்சில் முப்பத்தொன்று

செருப்பு கழன்று விழுந்தது,
எனக்குத் தெரியவில்லை.
பாயா தெருபோங் ஃபிளாட்டில், பதினொன்றாம் மாடி நடையில்
ஒற்றையாகக் கிடந்ததைத் திரும்பிப் பார்த்து
யாருடையதோ என்று நடந்துவிட்டேன்.
லிஃப்ட் கதவின் பளபளப்பில்தான் கண்டேன்
ஒரு கால் வெறுங்கால்.

டிங்கி இறங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது.
பிளேட்லெட் ஏறிவிட்டது, வேலைக்குப் போகலாம்
என்று சீட்டுக் கொடுத்திருந்தார்கள்.
கொசு தன் கணக்கை முடித்துக்கொண்டு போனது;
மீதியை என் உடம்பே எழுத ஆரம்பித்தது.

மறுநாள் ஏணியின் இரண்டாம் படியோடு நின்றுபோனேன்.
அதற்கடுத்த நாள் சட்டைப் பொத்தானை
வசுமதி போட்டுவிட்டாள், ஒன்றும் கேட்காமல்.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில்
சின்ன டாக்டர் முழங்காலைத் தட்டினார்.
கால், வேறொருவர் விட்டுப்போன சாமான் மாதிரி கிடந்தது.
இன்னொரு தட்டு.
பக்கத்துக் கட்டில் கூ
தன் முழங்காலைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டார்.

நரம்பு ஒரு வயர் மாதிரி, அங்கிள்.
கிருமியை அடிக்கக் கிளம்பிய உங்கள் படையே
ஆள் தெரியாமல் அதன் உறையை உரிக்கிறது.

நான் வயர்மேன், டாக்டர். முப்பத்திரண்டு வருஷம்.
உறை உரிந்த வயர் சும்மா இருக்காது.
பொறி பறக்கும், புகையும்,
கீழ்வீட்டுக்காரி ஓடிவந்து கத்துவாள்.
இது என்ன வயர்,
உரிந்ததும் வாயை மூடிக்கொள்வது?

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
என் சிரிப்பு வலப்பக்கம் மட்டும் வந்ததை
அவர் குறித்துக்கொண்டார்.

பிறகு காலில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள்,
கரண்டைத் தொடாமலே பிழைத்து வந்தவனுக்கு.
முழங்காலில் விட்டது பாதம் போய்ச் சேர
பாலிக் புலாவ் வளைவில் ஏறும் பழைய பஸ்ஸாய்
இழுத்து, நின்று, இழுத்தது.

இரவில் வேறு சோதனை.
மிஸ்ஸி நோர்லைலா கட்டிலருகே வந்து
ஒரே மூச்சில் எண்ணச் சொல்வாள்.
நான் தமிழில் எண்ண, அவள் விரல் மடக்குவாள்.
முதல் இரவு முப்பத்தொன்று.
மறு இரவு இருபத்துநான்கு.
சீனத்தில் எண்ணு, எல்லாம் குட்டிச் சொல்,
இன்னும் நாலு கூடும் என்றார் கூ.
பத்தொன்பதில் நின்றபோது
அடுத்த விரலை அவள் பாதி மடக்கியபடியே வைத்திருந்தாள்,
இன்னும் ஒன்று வரும் என்பதுபோல.

பதினான்கில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
அதன்பின் பன்னிரண்டு நாள்
மெஷின் எண்ணியது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே கண்ணாடிப் போத்தல்களில் ஒரு மருந்து,
ஆயிரம் பேர் இரத்தத்திலிருந்து வடித்ததாம்.
அந்த ஆயிரத்தில் ஒருத்தர் வீட்டிலாவது
நான் காற்றாடி மாட்டியிருப்பேனா?
சொட்டுக்கு ஒரு வீடாக யோசித்துக் கிடந்தேன்.

வசுமதி வந்து காலைத் தேய்ப்பாள்.
தேய்க்கிறாள் என்பது
பார்த்தால்தான் தெரியும்.
தண்ணீர் பில் கட்டியதையும்
அந்தச் செருப்பை எடுத்து வைத்திருப்பதையும்
ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள்.
நான் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன்.

பழைய வார்டுக்குத் திரும்பிய அன்று பதினேழு.
கூவின் கட்டிலில் வேறு யாரோ.
கேட்கவில்லை நான்.

இருபத்தாறாம் இரவு. மூன்று மணி. வெளியே மழை.
இடது பெருவிரலில் சுருக்கென்று.
மிஸ்ஸி, எறும்பு.

அவள் போர்வையை விலக்கினாள். டார்ச் அடித்தாள்.
விரலிடுக்கு, விரிப்பு, கட்டில் கம்பி,
குனிந்து தரையையும் பார்த்தாள்.
இல்லை அங்கிள்.

மறுபடி கடித்தது.
நன்றாகப் பாருங்கள் என்றேன்.
சத்தியமாக இல்லை.

அப்படியென்றால் அது என்னுடையது.