பந்தம் என்னும் கட்டம்

குமுளி பஞ்சாயத்து மண்டபத்தில்
எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள்.
"ரெக்கார்டு ரூம் தேவசகாயம் சார்" என்று
மைக்கில் கூப்பிட்டபோது
முன்வரிசையில் நீ முழங்காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாய்.
கழுத்தில் ஏழாவது சால்வை.
ஏப்ரல் மாதம். வேர்த்துக்கொட்டியது உனக்கு.

பேசினேன். சேவை என்றேன், தியாகம் என்றேன்.
கைதட்டினார்கள்.
சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன், மெகரக்கா.

நம் ஆஸ்பத்திரி அட்மிஷன் தாளில்
நோயாளி பெயருக்குக் கீழே
மலையாளத்தில் ஒரு கட்டம்: பந்தம்.
கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்கும்.
அதை நிரப்பாமல் கத்தி எடுக்கமாட்டார்கள்.

கம்பம்மெட்டு ஏறி, விடியுமுன் வருகிற ஜீப்பில்
பதினெட்டுப் பேர்.
ஏலக்காட்டில் ஒருவன்மேல் மரம் முறிந்து விழுந்தால்
கங்காணிக்குப் பந்தமில்லை,
முதலாளி போனை எடுப்பதில்லை,
பெண்டாட்டி மலைக்கு அந்தப்பக்கம் அடுப்பூதிக்கொண்டிருப்பாள்.
நீ வருவாய், பீடிக்கடையைப் பூட்டக்கூட நிற்காமல்.
முத்துக்கருப்பனுக்கு அக்கா.
சவரியம்மாளுக்கு நாத்தனார்.
லயத்துக் கிழவன் ஒண்டிவீரனுக்கு மகள்.
மெகருன்னிசா என்று தமிழில் கையெழுத்து;
கடைசிச் 'சா'வின் கால் எப்போதும்
கட்டத்துக்கு வெளியே விழுந்திருக்கும்.

பிழைக்காதவர்களை மலையிறக்குவதும் நீதான்.
சோதனைச்சாவடியில் டார்ச் அடித்துக் கேட்பார்கள்,
பொணத்துக்கு யாரு?
நான்தான், என்பாய்.
லோயர்கேம்ப் வரை வளைவுகளில்
தலை இடிக்காமல் மடியில் பிடித்துக்கொண்டு போவாயாம்.
டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பத்து வருடத்தில் உனக்கு இருநூற்றுப் பதினோரு தம்பிகள்.
எண்ணியவன் நான்.
எண்ணி, ஒருநாள் கூப்பிட்டு,
சட்டப்படி தப்பு என்றேன்.
ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கு
ஒண்டிவீரன் எப்படி அப்பன் என்றேன்.
நீ கோபப்படவில்லை.
தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாய்.
"அப்ப நீங்க போடுங்க சார்."

சட்டைப்பையில் பேனா இருந்தது.
மை கசிந்து துணியில் கறைகூட.
வெளியே ஸ்ட்ரெச்சரில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.
நான் போடவில்லை.

பத்து வருடம் கடந்த தாள்களை எரிக்க உத்தரவு வந்தது.
ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மழை விட்ட ஒரு மதியம்,
கட்டுக்கட்டாக நானே போட்டேன்.
அக்கா, அத்தை, மதினி, சின்னம்மா
எல்லாம் போயிற்று. ஈரத்தாள், புகைதான் அதிகம்.
எங்கள் ஊரில் பந்தம் என்றால் நெருப்பும்தான்.

ஒரு தாளை மட்டும் உருவி வைத்தேன்.
சாவடிக் கழிப்பறை ஓரம் கிடந்த பெண்குழந்தை.
பெயருக்கு ஒரு கோடு.
எடை ஒன்று நானூறு.
பந்தத்தில் முதலில் 'பெரியம்மா' என்று எழுதி
அடித்திருக்கிறாய்.
அதற்கு மேலே, தாள் கிழியும்படி அழுத்தி: தாய்.
பின்பக்கம், மூன்றாம் நாள் தேதியில்
டாக்டர் நேரம் குறித்திருக்கிறார். 4.10.

உனக்குப் பிள்ளையில்லை என்று ஊர் பேசும்.
நானும் பேசியிருக்கிறேன்.

இன்று கொடுத்துவிடலாம் என்றுதான் கொண்டுவந்தேன்,
பிளாஸ்டிக் உறையில், ரேஷன் கார்டோடு.
விழா முடிந்து பக்கவாட்டுப் படியில்
ஒவ்வொரு காலாய் ஊன்றி இறங்கினாய்.
"ஏழும் பாலியஸ்டர், குளிருக்கு ஆகாது.
லயத்துல ஜன்னலுக்குக் கட்டலாம்" என்று
சால்வைகளைப் பைக்குள் திணித்தாய்.
பிறகு என்னைப் பார்த்து,
"அந்தப் பழைய தாளெல்லாம் இருக்கா சார்?"

எரிச்சாச்சு, என்றேன்.

"நல்லது. அம்புட்டும் பொய்" என்று சிரித்தாய்.

என் கை உறையைத் தொட்டுக்கொண்டிருந்தது.
அம்புட்டும் இல்லை, அக்கா.
அதற்குள் ஜீப் வந்துவிட்டது.
பின்சீட்டில் இடமிருக்கா தம்பி, என்று
யாரையோ கேட்டாய்.