ஓல்டு விளை

பட்டாவில் எங்கள் நிலத்தின் பேர் ஓல்டு விளை.
ஐந்தே கால் சென்ட். இரண்டு அயனி மரம், ஒரு கிணறு,
கிணற்றில் பாதி எதிர்க்கட்சிக்காரருக்கு.
ஓல்டு என்றால் பழையது, வேறென்ன,
என்றிருந்தோம் ஐந்து தலைமுறையாக.
குழித்துறை கோர்ட் வராந்தாவில்
வக்கீல் கனகரெத்தினம்தான்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"பழசுன்னா, புதுசா இருந்தப்பம் என்ன பேரு ஓய்?"

அப்படித்தான் நெய்யூரில்
சேகர அலுவலகத்து மரபீரோவின் முன்னால்
இரண்டு சனிக்கிழமை நின்றேன்.
தபசுமணி ஏட்டைத் திறக்குமுன் ஃபேனை அணைத்தார்.
"காத்து பட்டா பொடிஞ்சிரும்."

கொல்லம் ஆயிரத்துப் பதினைந்து, மேடம்.
ஞானஸ்நானம் பெற்ற பெண்பிள்ளைகள் பதினொன்று.
தகப்பன் தொழில்:
பனையேற்று. மேற்படி. மேற்படி. மேற்படி.
ஏழாவது வரியில்
ஒரு பேரை எழுதி, அடித்து,
அதன் தலைக்குமேல் வேறு மசியில்
எஸ்தர் ஓல்ட்.
ஓரத்தில், துரை பாஷையில், எறும்பு எழுத்து:
ராச்டேல் ஞாயிறு பள்ளி, பெண்கள் வகுப்பு,
வருஷம் ஒன்றரைப் பவுன்.

மீதியைக் கருங்கல் பஸ்ஸில் உட்கார்ந்தே
போனில் தோண்டினேன்.
திங்கள்சந்தை தாண்டி டவர் போனபோது
ராச்டேலும் கொஞ்சநேரம் போனது.

எஸ்தர் ஹோல்ட். 1815-இல் ஞானஸ்நானம்.
தகப்பன் ஜான், கைத்தறி.
தாய் பெட்டி; கல்யாணப் பதிவில்
கையெழுத்து போடவேண்டிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.
1841 கணக்கெடுப்பில் அதே தெரு:
ஜானுக்கு ஐம்பது
(பெரியவர்கள் வயதை ஐந்துக்கு இறக்கித்தான்
அந்த வருஷம் எழுதினார்களாம்),
பெட்டிக்கும் ஐம்பது, பிள்ளைகள் நான்கு,
கடைசிப் பயல் ஒன்பது வயதில்
ஆலையில் அறுந்த நூல் ஒட்டுகிறவன்.
எஸ்தர் இல்லை.

மூன்று பவுன் கட்டினால் சாவுச் சான்றிதழ் அனுப்புவார்கள்.
கட்டினேன்.
1838 மார்ச். வயது இருபத்திரண்டு.
பஞ்சாலை. மார்பு நோய்.
பக்கத்தில் இருந்ததாகச் சொன்னவள் பெட்டி,
மறுபடியும் அதே பெருக்கல் குறி.

அவளோடு ஆலைக்குப் போன பெண்கள்
வாரம் ஒரு பென்னி சேர்த்து
செத்தவள் பேரைக் கப்பலேற்றியிருக்கிறார்கள்.
அது இங்கே வந்து
உயிரோடு நின்ற ஒரு பனையேறி மகள்மேல் இறங்கியது.
குப்பாயமும் பேரும் ஒரே நாளில்.
இரண்டும் அளவு கொஞ்சம் பெரிசாக இருந்திருக்கும்.

கோபப்பட்டுப் பார்த்தேன்.
அந்தப் பென்னிக்கு எத்தனை மணிநேரம்
நின்றிருப்பார்கள் என்று கணக்குப் பார்க்கப்போய்
கோபம் நழுவிவிட்டது.

இப்போது எனக்கு ராச்டேலில்
ஒரு சந்து, ஒரு கதவு,
அடுத்த வீட்டுச் செருப்புத் தைப்பவனின்
பிள்ளைகள் பேர்கூடத் தெரியும்.
திருவிதாங்கூர்க் கணக்கில் எங்கள் கரை
வீடு இத்தனை, பெண் இத்தனை.
பனைகளுக்கு மட்டும் வரிக்காகத் தனித்தனி எண்.

மூன்றாவது சனிக்கிழமை
தாளுக்கு அடியில் டார்ச் பிடித்தோம்.
அடித்த கோட்டுக்குள்
முதலில் மசி ஊறிப் பெருத்த ஓர் எழுத்து,
நடுவில் ஒரு சுழி,
கடைசியில் மேலே ஏறி வளையும் ஒரு கொம்பு.
எழுத்துக்குப் புள்ளி வைக்காத காலம்.
"இசக்கி" என்றார் தபசுமணி உறுதியாக.
டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
"நீலின்னும் வாசிக்கலாம்."
இன்னும் நகர்த்தினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஏட்டை மூடி, ஃபேனைப் போட்டார்.

வாரிசு அட்டவணையில் முதல் கட்டத்தில்
எஸ்தர் ஓல்ட் என்று எழுதிக் கொடுத்தேன்.
எந்த எஸ்தர் என்று வக்கீல் கேட்கவில்லை.
வாய்தா பதினெட்டாம் தேதிக்கு.