வில்லங்கச் சான்று

முப்பத்தோரு வருடம்
அடுத்தவர் சொத்துக்கு எல்லை எழுதியவன் நான்.
கிழக்கே வாய்க்கால், மேற்கே கோவிந்தராசு மனை,
தெற்கே பொதுப்பாதை என்று
திருத்துறைப்பூண்டி பதிவு அலுவலக வாசலில்
எழுதி எழுதி ஓய்ந்த கை
இப்போது என் சொத்துக்கு எழுதுகிறது:
பேனா, இருநூற்றுப் பதிமூன்று.

போன ஐப்பசியில் முள்ளியாறு தெருமுனை வரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து
எனக்குத் தூக்கமில்லை.
இன்சூரன்ஸ்காரப் பையன் தீபன்
கேட்டதையே மறுபடி கேட்டான்.
“பேனாவா சார்? மொத்தம் ஆறு லட்சமா?”
அடுப்படியிலிருந்து செண்பகவல்லி குரல் கொடுத்தாள்:
“இந்த வீடே அவ்வளவு தேறாது, எழுதிக்கோ தம்பி.”

எண், படம், வாங்கிய இடம், விலை, பில்.
வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து
பக்கத்தில் ஸ்கேலைக் கிடத்தி
ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன்.
ஒன்று: கறுப்பு எபோனைட், மூடியில் பல்தடம், என்னுடையது.
பதினாறு: ஹீரோ. மகள் பிறந்த அன்று வாங்கியது.
பில் இல்லை, மகள் இருக்கிறாள்.
நாற்பத்தொன்று: பைலட், நிப்பு கோணல்,
ஒரு பாகப்பிரிவினையில்
அண்ணன் தம்பி கைகலப்பில் கீழே விழுந்தது.

எண்பத்தெட்டில் கை நின்றது.

பச்சைக் கோடு போட்ட ஜெர்மன் பேனா.
தங்க நிப்பு. அடியைத் திருகினால் மை குடிக்கும்.
முத்துப்பேட்டை சேக்தாவூது
தென்னந்தோப்பை விற்றுவிட்டு
புருணைக்குப் போகிற அவசரத்தில்
பதினேழு பக்கமும் கையெழுத்துப் போட்டு
மூடியும் பேனாவும் தனித்தனியே
என் மேசையில் விட்டுப் போனது.
எதிரே பஸ் இன்னும் கிளம்பவில்லை.
ஜன்னலோரம் அவர் தொப்பி தெரிந்தது.
கூப்பிடு தூரம்.
நான் பேனாவை மூடினேன்.
மை காய்ந்துவிடக் கூடாதே என்றுதான்,
முதலில்.

படிவத்தின் கடைசியில் ஒரு வரி:
மேற்கண்ட யாவும் என் உடைமை என உறுதி கூறுகிறேன்.
இதையே இன்னும் நீளமாக
எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்.
என் சுயார்ஜிதம், எனக்கே பாத்தியப்பட்டது,
யாதொரு வில்லங்கமும் இல்லை,
பின்னிட்டு ஏதும் தெரியவந்தால்
என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துத் தருவேன்.
அப்போதெல்லாம் நாக்கு உலர்ந்ததில்லை.

“தோராயமா போடுங்க சார், யாரு பாக்கப் போறா.”

எண்பத்தேழுக்கு அடுத்து
எண்பத்தொன்பது என்று எழுதினேன்.

பிறகு இரண்டு முறை முத்துப்பேட்டைக்குப் போய் வந்தேன்.
அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர்.
ஒருவர் டீ வாங்கித் தந்தார்.
தோப்பா, எந்தத் தோப்பு என்றார்.

பாலிசி வந்தது, இருநூற்றுப் பன்னிரண்டுக்கு.
புயல், வெள்ளம், தீ, திருட்டு, கலவரம் உண்டு.
பொடி எழுத்தில்: கரையான், துரு, தேய்மானம் கிடையாது.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டது.
ரேஷன் கார்டு, பாஸ்புக், ரெண்டு வளையல்
எல்லாம் செண்பகவல்லியின் கூடையில்.
“பேனாப் பெட்டி?” என்றாள்.
கிடக்கட்டும், அதற்குக் கம்பெனி இருக்கிறது என்றேன்.
நாற்பது வருடத்தில் அப்படி ஒரு பார்வை
அவள் என்னைப் பார்த்ததில்லை.
என் இடுப்பு மடிப்பில்,
ஊறுகாய் வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றி,
எண்பத்தெட்டு.

பள்ளிக்கூடத்து வராந்தாவில்
நனைந்த நோட்டோடு ஒரு கிராம உதவியாளர்,
ஆட்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.
அவருடைய பால்பேனா ஈரத்தில் கீறியதே தவிர எழுதவில்லை.
“பேனா இருக்கா யார்ட்டயாவது?”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு கொடுத்தேன்.

தலைக்கட்டு, ஆண், பெண், குழந்தை.
பச்சைக் கோட்டுப் பேனா வழுக்கிக்கொண்டு எழுதியது.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்
அவர் விரல்களையே பார்த்து நின்றேன்,

மூடியை மட்டும்
என் கையில் வைத்துக்கொண்டு.