துருப்பிடிக்கிற ஆணி

பராசி கடைத்தெருவில் இரும்புக்கடை எனக்கு.
மழை மாதங்களில் ஒரே வேலை,
துருவை விரட்டுவது.
கீலுக்கு எண்ணெய், தாழ்ப்பாளுக்கு கிரீஸ்,
ஆணிப்பெட்டிக்குள் மடித்துச் செருகிய
பழைய நேபாளிச் செய்தித்தாள்.

மங்ரி தாரு வந்து
ஐந்து கிலோ ஆணி கேட்டாள்.
வீடு கட்டுகிறாயா? இல்லை.
கூரை மாற்றவா? இல்லை.
தண்ணீர் குடிக்க, என்றாள்.

சிரித்தேன். சிமெண்ட் வாங்க வந்தவனும் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
சைக்கிளில் கட்டியிருந்த நீலத் தொட்டியைத்
தட்டித் தட்டிச் சொன்னாள்:
அடியில் ஜல்லி, அதன்மேல் மணல்,
வாய்ப்பக்கம் ஒரு துளைத் தட்டு,
தட்டு நிறைய ஆணி,
ஆணி சிதறாமல் உடைத்த செங்கல்.
அடிபம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால்
ஆர்சனிக்கைத் துரு பிடித்துக்கொள்ளும்,
கடன்காரனைப் பிடிக்கிற மாதிரி.
மிச்சம் கீழே குழாயில் வரும்.

எனக்கும் இரக்கம் உண்டு.
ஏழைக்குத் துருப்பிடிக்கிற சரக்கா?
சாதா ஆணி விலைக்கே
துத்தநாகம் பூசியதை நிறுத்துக் கொடுத்தேன்.
சொல்லவில்லை. புண்ணியம் என்று
நானே எழுதிக்கொண்டேன்.

இரண்டு மாதம்.
திரும்பி வந்தவள் பையைத் தராசில் கவிழ்த்தாள்.
மாப்பிள்ளை மோதிரமாய் மினுங்கியது அத்தனையும்.
கூடவே இரண்டு சோதனைத் தாள்:
ஒன்று பம்புத் தண்ணீரில் பழுப்பானது,
ஒன்று தொட்டித் தண்ணீரில் பழுப்பானது.
எது எது என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான், என்றாள்.
இரண்டு மாதமாய் இதைத்தான்
என் சின்னவன் குடித்தான்.

பின்கட்டில் ஒரு மூட்டை கிடந்தது,
போன வெள்ளத்தில் முழுகியது.
பழைய இரும்புக்காரனுக்காகச்
சணல்சாக்கு போட்டு மறைத்து வைத்திருந்த அவமானம்.
பிரித்தேன்.
அவள் கையை முழங்கைவரை விட்டு அளைந்தாள்,
நெல் பார்க்கிறவள் போல.
எடுத்த கை செக்கச் செவேலென்று இருந்தது.
இதுதான், என்றாள்.
உடனே
பழைய இரும்பு விலைக்குப் பேரம் பேசினாள்.

சில்லறை வாங்கும்போது
என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.
கடுகு கடுகாய்க் காய்ப்பு.
எத்தனை வருஷமாய்?
இரும்பு தொட்ட கை, இப்படித்தான் இருக்கும், என்றேன்.
அவள் புருஷன் நெல்லைத் தவிர
எதையும் தொட்டதில்லையாம்.
அவனுக்கும் இதே கடுகாம்.
உள்ளங்காலைக் காட்டுங்கள், என்றாள்.
காட்டவில்லை.
காட்டத் தேவையில்லை. தெரியும்.
காலால் எவன் ஆணி நிறுப்பான்?

பசுமரத்தில் ஆணி இறங்கும்போது சத்தமே வராது.
விற்கிறவனுக்குத் தெரியும் அது.

எங்கள் கொல்லைப் பம்பு
கடைத்தெருவுக்கே பெயர் போனது.
இனிப்பான தண்ணீர் என்று
தையல்காரன், மிட்டாய்க்கடை, பள்ளிக்கூடம்,
எல்லோரும் குடத்தோடு வருவார்கள்.
யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.
அதையும் புண்ணியத்தில்தான் எழுதியிருந்தேன்.
அன்று சாயங்காலமும் வந்தார்கள்.
கல்லாவில் ஒரு சோதனைத் தாள்,
மங்ரி விட்டுப்போனது, இன்னும் வெள்ளையாக.
தையல்காரனின் மகள் கைப்பிடியை அழுத்துகிறாள்.
கிறீச், கிறீச்.
எண்ணெய் போட வேண்டும் என்று
பழக்கம் சொன்னது.
தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

எந்த நிறமானது என்று
இஸ்ராவதியிடம் சொல்லவில்லை.
ராத்திரி கூரைமேல் மழை.
ஐந்து கிலோ நிறுத்தேன், பூச்சில்லாதது,
தகரத் தட்டில் கொட்டி முற்றத்தில் வைத்தேன்.
என்னங்க, ஆணியை வெளியே விட்டுட்டீங்களே,
என்று உள்ளிருந்து கத்துகிறாள்.

நனையட்டும்.