சுத்துது, பிடிக்கல

நாலு நாள் அடைமழையில்
கருமாத்தூர் வேப்பமரத்தடியில் நின்ற மாருதி
சாவிக்குச் சுற்றியது, சுற்றியது,
பிடிக்கவில்லை.
பேட்டரியையும் கொன்னுடாதே என்றேன்.
ஒச்சம்மா கையை எடுத்தாள்.
பின்சீட்டு முழுக்க நெத்திலி, வாளை, சென்னாக்குனி.
ஏழு மணிக்குள் உசிலம்பட்டிச் சந்தையில்
இடம் போடாவிட்டால் சாக்கடை ஓரம்தான்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரு பிளக்கைக் கழற்றினேன். ஈரம்.
மழை என்று நினைத்துத் துடைத்தேன்.
எஞ்சின் உடம்போடு ஒட்டிவைத்து
"திருப்பு."
நீலமாய் வெட்டியது பொறி.
பொறி இருக்கிறது.
எனக்குத்தான் தட்டவில்லை.

பெட்ரோல் வருகிறதா?
டியூபை மோந்தேன்: கருவாடு.
கார்ப்பரேட்டர், கருவாடு.
என் விரலும் சட்டையும் பதினோரு வருஷமாய்க் கருவாடு.

பால் கேனோடு போன ஜெயசீலனை மறித்து
"மூக்கைக் கொஞ்சம் கடன் குடு" என்றேன்.
துடைத்த துணியை மோந்தான்.
"இது மழை இல்ல மாப்ள.
தொண்டை வரைக்கும் குடிச்சிருக்கு வண்டி."

குடித்திருக்கிறது.
அப்படியானால்
மூச்சு.

ஃபில்டர் மூடியின் கிளிப்பைத் தட்டினேன்.
சாக்கு நார், பாலிதீன் கிழிசல்,
போன மாசம் தொலைந்த சுங்க ரசீது,
நடுவே தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கமாய்
அடுக்கி வைத்த நெத்திலி.
எங்களைவிட நேர்த்தியாய்க் கடை போட்டிருந்தது எலி.

ஒச்சம்மா அள்ளி
உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தாள்.
"களவாணி. கால் கிலோ தேறும்."

பிளக்குகளைத் துடைத்து மாட்ட,
மூன்றாம் சுற்றில் கனைத்து, கரும்புகை கக்கி,
பிடித்துக்கொண்டது.

அந்தக் கால் கிலோ எந்தச் சாக்குக்குள் போனதென்று
சந்தை வரைக்கும் நான் கேட்கவில்லை.